நாலு மார்க்குக்கு மேல் போடாத மனிதர்

இலங்கையின் ஊவா மலைநாட்டில் மார்க் வாங்காமல் தப்பித்த பொருள் ஒன்று உண்டென்றால், அது எங்கள் தேயிலைத் தோட்டத்து எல்லைக்கு அப்பால் இருந்திருக்க வேண்டும். எல்லைக்கு உள்ளே இருந்த அத்தனைக்கும் நாலு மார்க்கு அண்ணன் மார்க் போட்டுவிட்டார். மழைக்குப் போட்டார். லுணுகலை பஸ்ஸுக்குப் போட்டார். கோயில் பொங்கலுக்குப் போட்டார். தோட்டத்து மேனேஜரான பெரிய துரையின் நாய்க்குப் போட்டார். பெரிய துரைக்கும் போட்டார், நாயைவிடக் கொஞ்சம் குறைவாக.

அவருடைய சொந்தப் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறது. தேர்தல் வந்தால்தான் அதற்கு வேலை. மற்ற நாளெல்லாம் அவர் நாலு மார்க்குதான். எதைக் காட்டினாலும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "பத்துக்கு நாலு" என்பார். ஆறு போட்டால் அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஏழு போட்டதை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன், அது ஒரு பலாப்பழத்துக்கு. பத்து யாருக்கும் கிடையாது.

"பத்து போட்டா அவன் அதோட காலை நீட்டிப் படுத்துருவான் தம்பி" என்பார்.

மனிதர் தொழிலால் மருந்து அடிக்கிறவர். தேயிலைக்கு நடுவே முளைக்கும் புல்லை அழிக்க, முதுகில் டாங்கியைச் சுமந்துகொண்டு மலை மலையாக ஏறி இறங்குவது வேலை. ஆறடி உயரம். லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டு வாசலில் குனியாமல் நுழைந்து நெற்றியில் வாங்கிய அடிகளே ஒரு வரலாறு. நான் பங்களாக் குசினியில் சமைக்கிறவன். இரண்டு பேரும் மேல் டிவிசன் லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரை வரை போகாத சுவர். ஆகவே அவர் தன் மனைவியின் ரொட்டிக்குப் போடும் மார்க் தினமும் என் காதில் விழும்.

"பத்துக்கு நாலு. தேங்கா காணாது."

"நாலு மார்க்கு ரொட்டிய எதுக்குங்க அஞ்சு தின்னீங்க?"

"சரியாப் பாக்க வேணாமா? ஒண்ணத் தின்னுட்டு மார்க்கு போட்டா நியாயமா சொல்லு?"

இந்த வியாதி அவருக்கு ஓடிட்டில் தொற்றியது. தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் எங்கள் தேயிலையை வாங்குகிறவர்களுக்குப் பெட்டியில் ஒரு பச்சை முத்திரை இருந்தால்தான் தேத்தண்ணி தொண்டையில் இறங்குமாம். காட்டை அழிக்காமல், தண்ணீரைக் கெடுக்காமல், வேலை செய்கிறவர்களை ஒழுங்காக வைத்து வளர்த்த தேயிலை என்பதற்கு அந்த முத்திரை அத்தாட்சி. அதற்காக வருடா வருடம் கொழும்பிலிருந்து ஆள் வந்து, தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். முதல் தடவை வந்தது ஒரு சின்ன வயதுப் பெண். அன்று மழை. குடை பிடிக்க உயரமான ஆள் தேவைப்பட்டது, இவரை அனுப்பினார்கள்.

குடையோடு போனவர் வேறு ஆளாகத் திரும்பி வந்தார்.

"தம்பி, அந்தப் புள்ள பெரிய தொரைக்கே மார்க்கு போடுது! தொரை கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. ஒலகத்துல இதவிட நல்ல வேலை இருக்கா?"

மறுநாள் விடிந்ததும் தொடங்கிவிட்டார். அவருக்கென்று ஒரே ஒரு விதி. சொல்லிவிட்டு வரமாட்டார். "சொல்லிட்டு வந்தா அது விருந்து. சொல்லாம வந்தாத்தான் ஓடிட்" என்பார். இப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கணக்கப்பிள்ளையின் புது வீட்டுக்குள் நுழைந்தார். கணக்கப்பிள்ளை என்றால் மலையில் எங்களை எல்லாம் வேலை வாங்குகிறவர். அவர் வீட்டில் நுழைவதற்கு முன் செருமத் தயங்குகிற ஆட்கள் உண்டு. இவர் நேரே போய்க் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஆறு போடலாம்னு நெனச்சுக்கிட்டு வந்தேங்க ஐயா. கூட்டுன குப்பையெல்லாம் இங்கயே கெடக்கு. மூணு."

கணக்கப்பிள்ளை அதை மன்னிக்கவே இல்லை. தேர்தல் கூட்டத்தில் பேச வந்த ஒருவருக்கு அண்ணன் ஒன்று போட்டார். அந்த ஒன்றும் மைக்குக்காம்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போகலாம். ஆனால் மேல் லயத்தில் ஒரு விஷயத்துக்கு மட்டும் யாருக்கும் சிரிப்பு வராது. அது பீலித் தண்ணீர்.

எங்கள் லயத்துக்கு மேலே ஒரு ஊற்று. அதிலிருந்து தகரத்தை வளைத்துக் கொண்டுவந்த பீலியில்தான் நாங்கள் குடிக்கிறோம், குளிக்கிறோம், சமைக்கிறோம். அந்த ஊற்றுக்கும் மேலே, தண்ணீர் கைக்கெட்டும் இடம் என்று, புல் மருந்து கலக்கும் பீப்பாயைத் தோட்டம் வைத்துவிட்டது. மழை பெய்தால் அங்கே சிந்தியதெல்லாம் பீலிக்கு வந்துவிடும். தண்ணீரில் நுரை மிதக்கும், மண்ணெண்ணெய் போல ஒரு வாடை வரும். அந்த நாட்களில் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே தொழிற்சாலைக் குழாய் வரை இறங்கி ஏற வேண்டும். அண்ணனின் மனைவிக்கு முழங்கால் சரியில்லை. அந்தப் படிகளில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பீப்பாயில் மருந்து கலக்குகிறவர்களில் ஒருவர் அவருடைய புருஷனே. பீலிக்கு மட்டும் அண்ணன் மார்க் போட்டதில்லை. யாராவது கேட்டால் வேறு பக்கம் பார்ப்பார்.

போய்ச் சொல்லாமல் இல்லை. சொன்னோம். பெரிய துரை கெட்டவர் அல்ல, சத்தம் போடமாட்டார். சிரித்துக்கொண்டே ஒரே பதிலைச் சொல்வார்.

"நமக்கு இந்த முறையும் தொண்ணூறுக்குக் கிட்ட மார்க். தண்ணியில பிரச்சினை இருந்தா அவ்வளவு மார்க் குடுப்பாங்களா?"

கூரை ஒழுகுகிறது என்றாலும் அந்த மார்க்தான் பதில். பாதை உடைந்து கிடக்கிறது என்றாலும் அந்த மார்க்தான். கொஞ்ச காலத்தில் எங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஒழுகுவது கூரைதானா என்று.

அந்த மார்க் எப்படி விளைகிறது என்று எனக்குத் தெரியும். ஓடிட்டுக்கு முந்தின வாரம் தோட்டம் கல்யாண வீடாகிவிடும். ரோட்டைப் பார்த்த லயத்துக்கு மட்டும் வெள்ளை அடிப்பார்கள், அதிலும் ரோட்டைப் பார்த்த சுவருக்கு மட்டும். மரங்களில் 'பறவைகளைக் காப்போம்' என்று பலகை அடிப்பார்கள். அடிக்கிற சத்தத்தில் பறவைகள் போய்விடும். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைமடுவத்துக்குப் புது விளையாட்டுச் சாமான்கள் வரும். அவை உடையாமல் இருக்கப் பிள்ளைகளைக் கிட்ட விடமாட்டார்கள். காலையில் எல்லாரும் கூடி வேலை பிரிக்கும் பெரட்டிலே ஒத்திகை நடக்கும்.

"வாறவரு கேட்டா என்ன சொல்லணும்?" இது கணக்கப்பிள்ளை.

"சந்தோசமா இருக்கோம்னு சொல்லணுங்க."

"காணாது! சத்தமா!"

"சந்தோசமா இருக்கோம்!"

பின்னாலிருந்து ஒரு நீளக் கை உயர்ந்தது.

"ஐயா, எப்ப இருந்து சந்தோசமா இருக்கோம்? கேட்டுப்புட்டா ஆளுக்கு ஒரு நாளச் சொல்லக் கூடாது பாருங்க."

போன வருடத்துக்கு முந்தின வருடம் தோட்டம் இன்னொன்றும் செய்தது. மருந்து கலக்க என்று கீழே ரோட்டோரம் ஒரு கொட்டகை கட்டினார்கள். சிமெந்துத் தரை, புதுத் தகரம், கழுவ ஒரு தொட்டி. பீப்பாய் மட்டும் மேலேயே இருந்தது. கொட்டகையில் யாரும் கால் வைக்கக் கூடாது, தரை அழுக்காகிவிடும் என்று கணக்கப்பிள்ளை கயிறு கட்டிவிட்டார்.

கொட்டகைக்கு முன் நிற்க ஒரு ஆள் வேண்டும். ஓடிட் வரும்போது மட்டும் அலுமாரியிலிருந்து வெளியே வருகிற ஒரு பாதுகாப்பு உடுப்பு இருந்தது. நீளச் சட்டை, கையுறை, கண்ணாடி, பூட்ஸ், மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி. யாருக்கோ வெட்டிய உடுப்பு. மற்றவர்கள் போட்டால் மழையில் நனைந்த கோணியைப் போலத் தொங்கும். ஆறடி மனிதருக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அவரையா நிறுத்துவது என்று நானே பயந்தேன். கணக்கப்பிள்ளை சிரித்தார்.

"முகமூடி போட்டா வாயத் தெறக்க முடியாது. அதான் வேணும்."

அந்த வருடம் வந்தவர் ஐம்பது வயது இருக்கும் ஒரு சிங்கள ஐயா. கண்ணாடி, சின்னத் தொப்பை, முகமெல்லாம் தூக்கம். எங்கள் தோட்டத்துக்கு முன்பே பல தோட்டங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். தமிழைத் தட்டித் தடவிப் பேசுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தனை மலையையும் அத்தனை சிரிப்பையும் பார்த்தால் யாருக்கும் கண் சொருகும். தேத்தண்ணிப் போத்தலும் சாண்ட்விச்சும் தூக்கிக்கொண்டு பின்னால் போகச் சொல்லி என்னையும் அனுப்பியிருந்தார்கள்.

கொட்டகையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். உடுப்போடு நின்ற அண்ணனைத் தலை முதல் கால் வரை பார்த்து, நல்லது என்று தலையாட்டினார். பிறகு, எதற்கு அப்படிக் கேட்டாரோ, "மருந்து அடிக்கிறது எப்பிடி? கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

அண்ணன் தலையை ஆட்டினார். டாங்கியைத் தூக்கி முதுகில் மாட்டினார். ரோட்டுப் பக்கம் திரும்பவில்லை. மேல் டிவிசனுக்குப் போகும் குறுக்குப் பாதையில் ஏறத் தொடங்கிவிட்டார்.

"ஏய்! அங்கிட்டு இல்லப்பா! இங்க, இங்க!" கணக்கப்பிள்ளை கத்தினார்.

அண்ணன் திரும்பி நின்று முகமூடியைத் தொட்டுக் காட்டினார். வாய் மட்டும் அல்ல, காதும் மூடியிருக்கிறது என்பது போல ஒரு ஜாடை. மறுபடி ஏறினார்.

வந்த ஐயா பின்னால் போனார். ஐயா போனால் துரை போகத்தானே வேண்டும். துரைக்குப் பின்னால் கணக்கப்பிள்ளை, கணக்கப்பிள்ளைக்குப் பின்னால் போத்தலோடு நான். தேரில்லாத தேர்த்திருவிழா. கண்ணாடிக்குள் ஆவி பிடித்து அண்ணனுக்குப் பாதை தெரியவில்லை. ஒரு தடவை தேயிலைச் செடிக்குள்ளேயே நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தார். நாங்கள் எல்லாரும் அப்படியே நுழைந்து வந்தோம். பூட்ஸுக்குள் தண்ணீர் போய்த் தவளை கத்துவது போலச் சத்தம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒத்திகையை மறக்காமல், துரை தாண்டும்போதெல்லாம், "சந்தோசமா இருக்கோம்!" என்று கூவினார்கள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. அங்கே பீப்பாய் இருந்தது. அதைச் சுற்றி வெறும் மருந்துக் கேன்கள். நனைந்த மண்ணில் ஒரு சிறு ஓடை, ஓரத்தில் நுரை. ஓடை போகும் திசையில், கீழே, பீலி. பீலியில் குடத்தை வைத்துக்கொண்டு அண்ணனின் மனைவி நின்றார். அவரை யாரும் வரச் சொல்லவில்லை. அது அவர் தண்ணீர் பிடிக்கும் நேரம்.

வந்த ஐயா பீப்பாயைப் பார்த்தார். பிறகு குடத்தைப் பார்த்தார்.

பெரிய துரை சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னார். எங்களுக்கும் புரியும் சிங்களம்தான். இது பழைய இடம், இப்போது பாவிப்பதில்லை, கீழே பார்த்த கொட்டகையில்தான் கலக்குகிறோம் என்றார்.

அண்ணன் முகமூடியைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை.

"நேத்தும் இங்கதாங்க கலக்குனோம்."

வந்த ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேத்து நான் வரல்லியே" என்றார். "இன்னைக்குப் பாத்ததத்தானே எழுதலாம்."

அப்போது அவருடைய காலில் அட்டை ஏறிவிட்டது. ஒன்றல்ல, சப்பாத்துக்குள்ளும் இருந்தன. கணக்கப்பிள்ளை உப்புக்கு ஓடினார். அதோடு மேல் டிவிசன் ஓடிட் முடிந்தது.

பங்களாவில் சாப்பாடு பரிமாறினேன். துரை கை கழுவப் போன நேரத்தில் ஐயா தலையைத் தூக்காமல் என்னிடம் கேட்டார்.

"அந்தத் தண்ணியா நீங்க குடிக்கிறது?"

"ஆமாங்க" என்றேன்.

அவருடைய கை சோற்றிலேயே நின்றது. ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். துரை வந்து உட்கார்ந்தார். பேச்சு கிரிக்கெட்டுக்குப் போயிற்று.

மார்க் வந்த அன்று பெரட்டில் ஆளுக்கொரு பேக்கரிப் பணிஸ் கொடுத்தார்கள். தோட்டம் அதுவரை வாங்காத மார்க், தொண்ணூறைத் தாண்டிவிட்டது. எதெதற்குக் கூடுதலாக விழுந்தது என்று துரை சந்தோஷமாகச் சொன்னார். புதுக் கொட்டகைக்கு முழு மார்க். அதைவிட, பாதுகாப்பு உடுப்பைக் கழற்றாமல் மலை உச்சி வரை ஏறிய தொழிலாளிக்காக முழு மார்க். எல்லாரும் கை தட்ட வேண்டியதாயிற்று.

அண்ணன் பணிஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"நான் ஏறுனதுக்கா?" என்று என்னிடம் கேட்டார். "நான் ஏறுனதுக்கா தம்பி மார்க்கு குடுத்தாங்க?"

அதன் பிறகு அவர் மார்க் போடுவதை விட்டுவிட்டார். மழை வந்தது, ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வரவே இல்லை, அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு லயம் சுவையில்லாமல் போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காலையில் அவர் மனைவியின் குரல் கேட்டது.

"ரொட்டி கருகிப் போச்சுங்க."

பதில் இல்லை.

"உப்பும் போடல்ல. ஒண்ணாவது போடுங்களேன்."

அவர் ரொட்டியை மெல்லுகிற சத்தம்தான் கேட்டது. அந்த அம்மா அழுதாரா என்று தெரியாது. சுவர் அவ்வளவு தாழ்வானது அல்ல.

ஒரு நாள் விடிகிற நேரத்தில் மலைப் பக்கமிருந்து இடி இடிக்கிற சத்தம். எழும்பி ஓடிப் பார்த்தோம். நாலு மார்க்கு அண்ணன் மருந்துப் பீப்பாயை உருட்டிக்கொண்டு இறங்குகிறார். உள்ளே இருந்ததைக் கேன்களில் ஊற்றி மூடி, தனியாகக் கட்டிக் கீழே சுமந்து வைத்துவிட்டு, வெறும் பீப்பாயைக் குறுக்குப் பாதை வழியே உருட்டுகிறார். பாதி வழியில் பீப்பாய் அவரை உருட்டிற்று. கடைசியில் இரண்டும் கொட்டகையின் கயிற்றை அறுத்துக்கொண்டு சிமெந்துத் தரையில் போய் நின்றன.

பெரட்டு அங்கே கூடிவிட்டது. கணக்கப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் துரையின் ஜீப் வந்துவிட்டது.

"என்ன இது?"

"பீப்பாங்க தொரை."

"அது தெரியுது. யாரு இங்க கொண்டுவரச் சொன்னது?"

"தொரைதாங்க."

"நானா?"

"பீலிகிட்ட வச்சு அந்த ஐயாகிட்டச் சொன்னீங்களே. மேல இருக்கிறது பழைய எடம், பாவிக்கிறதில்ல, கீழதான் கலக்குறதுன்னு. அதுக்குத்தானே முழு மார்க்கும் விழுந்துச்சு. எங்களுக்கெல்லாம் பணிஸும் குடுத்தீங்க. இந்தப் பீப்பா மட்டும் வெவரம் தெரியாம மேலயே கெடந்துச்சுங்க தொரை."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கப் பயம். துரை பீப்பாயைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். இல்லை, மேலேயே கொண்டு போ என்று சொல்ல அவருக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. சொன்னால் அந்த மார்க்கை என்ன செய்வது?

"சரி. மூடி வைங்க" என்றார். ஜீப் போய்விட்டது.

எல்லாம் நேராகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மருந்து அடிக்கிற மற்றவர்கள் நிரம்பிய டாங்கியோடு கீழேயிருந்து ஏற வேண்டியதாயிற்று. ஏறும்போதெல்லாம் அண்ணனைத் திட்டினார்கள். செங்குத்தான வளைவில் அவர் நின்று, வயதானவர்களின் டாங்கியை வாங்கிச் சுமந்துகொடுத்து, அந்தத் திட்டையும் வாங்கிக்கொண்டார். கூரை இன்னும் ஒழுகுகிறது. போய்ச் சொன்னால் இன்னும் அந்த மார்க்தான் பதில். அடுத்த ஓடிட்டுக்கு வேறொருவர் வந்தார். யாரும் கால் வைக்காமல் இருந்தபோது முழு மார்க் வாங்கிய கொட்டகைக்கு, தரை அழுக்காக இருக்கிறது என்று மார்க்கைக் குறைத்துவிட்டார். உண்மையாகவே வேலை நடந்தால் தரை அழுக்காகத்தானே செய்யும்! அதைக் கேட்டு அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

தண்ணீர் மட்டும் மாறியது. உடனே அல்ல. ஒரு மழைக் காலம் முழுவதும் மண் கழுவுண்டு போக வேண்டியிருந்தது. பிறகு ஒரு பெருமழைக்கு மறுநாள், யாரும் கீழே குழாய்க்கு இறங்கவில்லை. அண்ணனின் மனைவி பீலியில் குடம் நிறைத்து வந்து, ஒரு செம்பு மொண்டு புருஷனிடம் நீட்டியதை நான் வாசலில் இருந்து பார்த்தேன்.

"எத்தனைங்க?"

அவர் முகர்ந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு மடக்கு வாயில் வைத்து, அதை அங்கும் இங்கும் உருட்டி, விழுங்கினார். செம்பு முழுவதையும் குடித்து முடித்தார்.

"ஆறு" என்றார்.

"ரொட்டிக்கு?"

"நாலுதான்."

அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

போன கிழமை அண்ணனும் நானும் லுணுகலையில் பஸ்ஸுக்கு நின்றோம். பஸ்ஸுக்கு இரண்டு போட்டுவிட்டு, திடீரென்று என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, ஊருக்கெல்லாம் நான் போடுறேன். எனக்கு நீ எத்தனை போடுவ?" எனக்கு ஆட்கள் முன்னால் வாய் வராது. செருப்பைப் பார்த்துக்கொண்டே, "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றேன். பஸ் வந்துவிட்டது.

யோசித்துவிட்டேன் அண்ணே. ஒன்பது. பத்து போட்டால் காலை நீட்டிப் படுத்துவிடுவீர்கள் என்று எனக்குப் பயம்.